திருப்பூரில் ரேன்சம்வேர்: கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்க்

ஃபைல்களை இருந்த இடத்திலேயே பூட்டிவிட்டு, சாவிக்குப் பணம் கேட்கும் புரோகிராமுக்கு ரேன்சம்வேர் என்று பெயர். பூட்டு விழுந்த பிறகும் கம்ப்யூட்டர் ஓடும், விண்டோஸ் திறக்கும், ஃபோல்டர்கள் அப்படியே இருக்கும். உள்ளே போனால்தான் விஷயம் தெரியும். கோரல்ட்ரா ஃபைல், எக்ஸெல் ஷீட், குழந்தையின் காதுகுத்துப் போட்டோ என எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து ஒட்டியிருக்கும். ஐகான்கள் வெறும் வெள்ளைத் தாளாக மாறியிருக்கும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு நோட்பேட் ஃபைல் கிடக்கும். எவ்வளவு பணம், எத்தனை நாள் கெடு, எந்த இமெயிலுக்கு எழுத வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

திருப்பூரில் இது எவ்வளவு பெரிய அடி என்று புரிய, இங்கே யார் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இது. ஆனால் இங்கே பெரும்பாலும் ஒரு டி-சர்ட் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நிட்டிங் ஒரு இடம், சாயப்பட்டறை ஒரு இடம், காம்பாக்டிங் வேறு இடம். அப்புறம் பிரிண்டிங், எம்பிராய்டரி, பவர் டேபிள் தையல், செக்கிங், அயர்னிங் என்று துணி ஊரையே சுற்றி வரும். துணியோடு ஃபைலும் சுற்றுகிறது. ஆடையின் அளவும் படமும் விவரமும் அடங்கிய, பையரிடமிருந்து வந்த டெக் பேக் மெர்ச்சண்டைசரிடம் இருக்கும், அதிலுள்ள படம் பிரிண்டிங் யூனிட்டுக்குப் போகும், லோகோ எம்பிராய்டரிக்காரரிடம் போகும். பெரிய ஏற்றுமதி நிறுவனத்தில் இதைக் கவனிக்க ஐடி ஆள் இருப்பார். நாலு மெஷின் வைத்திருக்கும் எம்பிராய்டரி யூனிட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். பகலில் டிசைன், சாயங்காலம் டேலியில் கணக்கு, ராத்திரி ஓனர் மகளின் காலேஜ் புராஜெக்ட். காக்க வேண்டியது முதலில் அந்த ஒற்றைக் கம்ப்யூட்டரைத்தான்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் கோயில் உண்டியலே போதுமான உதாரணம். உண்டியலில் யார் வேண்டுமானாலும் பணம் போடலாம், திறப்பதற்கு மட்டும் நிர்வாகத்திடம் உள்ள சாவி வேண்டும். ரேன்சம்வேர் கம்ப்யூட்டருக்குள் வரும்போது திறந்த வாயுள்ள ஓர் உண்டியலைத்தான் கொண்டு வருகிறது. ஃபைல்களைக் கலைத்துப்போடும் ரகசிய எண்ணை அங்கேயே உருவாக்கி, வேலை முடிந்ததும் அந்த எண்ணை உண்டியலுக்குள் போட்டுவிடுகிறது. உண்டியலின் சாவி திருடனின் ஊரில் இருக்கிறது. இந்தப் பூட்டைச் சரியாகச் செய்திருந்தால், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர் தொடங்கி உலகின் பெரிய பாதுகாப்பு நிறுவனங்கள் வரை யாராலும் உடைக்க முடியாது. ஆகவே முன்கூட்டியே செய்து வைப்பதற்குத்தான் மதிப்பு.

இந்தத் தொழில் 1989 டிசம்பரில் தொடங்கியது. ஜோசப் பாப் என்ற உயிரியலாளர், எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்ற பெயரில் சுமார் 20,000 ஃபிளாப்பிகளைத் தபாலில் அனுப்பினார். அதைப் போட்ட கம்ப்யூட்டர் சுமார் 90 முறை ஆன் ஆனதும் ஃபைல் பெயர்கள் குழம்பிப்போகும், பனாமாவிலுள்ள ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொல்லும். பணத்தை வாங்க நிம்மதியான வழி இல்லாததால் அந்தத் தொழில் அப்போது வளரவில்லை. பிட்காயின் வந்த பிறகு அந்தத் தடை நீங்கியது. 2013-ல் வந்த கிரிப்டோலாக்கரிலிருந்து இன்றைய ரேன்சம்வேரின் காலம் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் பலரும் இந்தப் பெயரை முதலில் கேட்டது 2017 மே 12-க்குப் பிறகு. அன்று ஒரு வெள்ளிக்கிழமை. வான்னாகிரை 150-க்கு மேற்பட்ட நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. ஒரகடத்திலுள்ள ரெனோ-நிசான் கார் ஆலையும் அதில் சிக்கி உற்பத்தி தடைப்பட்டது. கேரளத்தில் பஞ்சாயத்து அலுவலகங்களும் ஆந்திரத்தில் காவல்துறைக் கம்ப்யூட்டர்களும் மாட்டின. கேட்ட தொகை 300 டாலர், மூன்று நாள் தாண்டினால் 600. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டிய அவசியமே இல்லாமல், ஒரே நெட்வொர்க்கில் இருந்தாலே கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது. மனதில் நிற்க வேண்டிய தகவல் ஒன்று உண்டு. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14-ம் தேதியே வெளியிட்டிருந்தது. மாட்டியவை பெரும்பாலும் அந்த அப்டேட்டைப் போடாத விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள்.

ஒன்றரை மாதம் கழித்து, ஜூன் 27 அன்று, நாட்பெட்யா வந்தது. உக்ரைனில் கணக்கு எழுதப் பயன்படும் ஒரு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாக நுழைந்து, அங்கே கிளை வைத்திருந்த உலக நிறுவனங்களுக்கெல்லாம் பரவியது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் அதில் முடங்கியபோது, மும்பை அருகேயுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமம் நடத்திய டெர்மினலும் நின்றுபோனது. கன்டெய்னரை நம்பிப் பிழைக்கும் ஊர்களுக்கு அது தொலைதூரத்துச் செய்தியாக இருக்க முடியாது. மெர்ஸ்க் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்தே நாளில் புதிதாக நிறுவியது. அந்தப் பத்து நாள் எப்படிச் சாத்தியமானது என்பதுதான் கதையின் உயிர். மெர்ஸ்க்கின் உலக நெட்வொர்க்கில் யார் யார், எதற்கு யாருக்கு அனுமதி என்ற விவரம் முழுவதையும் வைத்திருந்த சர்வர்கள் உலகெங்கும் ஒன்றுக்கொன்று நகலாக இருந்தன. எல்லாம் ஒரே இணைப்பில் இருந்ததால் எல்லாமே ஒன்றாக அழிந்தன. கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும் பிழைத்தது. தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை! அந்த ஒரு நகலை இன்டர்நெட்டில் அனுப்ப முடியாத அளவுக்கு அங்கே வேகம் குறைவாக இருந்ததால், கையிலேயே எடுத்துக்கொண்டு நைஜீரியா வழியாக லண்டனுக்குக் கொண்டு சேர்த்தார்கள். உலகின் பெரிய கப்பல் நிறுவனத்தைக் காப்பாற்றியது, தற்செயலாக வயரிலிருந்து விலகி நின்ற ஒரு நகல். தற்செயலாக நடந்ததைப் பழக்கமாகச் செய்வதற்குத்தான் பேக்கப் என்று பெயர்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலும் அதே பாடம்தான். 2022 நவம்பர் 23 அன்று அதன் ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டப்பட்டது. ஓ.பி. சீட்டிலிருந்து லேப் ரிப்போர்ட் வரை ஏறக்குறைய இரண்டு வாரம் கையால் எழுதினார்கள். பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் நோயாளிகளின் விவரம் மீட்கப்பட்டது என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு, 2021 செப்டம்பரில், தமிழக அரசின் பொதுத் துறை (பப்ளிக் டிபார்ட்மெண்ட்) கம்ப்யூட்டர்கள் பூட்டப்பட்டபோது கேட்கப்பட்ட தொகை 1,950 டாலர். ஒரு மாநில அரசிடம் கேட்ட தொகை ஏறக்குறைய ஒரு மோட்டார் சைக்கிள் விலை. “நம்மிடம் என்ன இருக்கிறது, நம்மை யார் குறிவைக்கப் போகிறார்கள்” என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த ஆட்களில் பலர் யாரையும் குறிவைப்பதில்லை. வலையை வீசிவிட்டு விழுந்ததை அள்ளுகிறார்கள்.

ஆடைத் தொழிலுக்கே வந்த அடிகளும் உண்டு. உள்ளாடைக்குப் பேர்போன அமெரிக்காவின் ஹேன்ஸ்பிராண்ட்ஸ் 2022 மே மாதம் மாட்டியபோது சுமார் மூன்று வாரம் ஆர்டர்களைச் சரிவர அனுப்ப முடியாமல், 10 கோடி டாலர் விற்பனையை இழந்ததாக அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது. பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2025 ஏப்ரல் 25 முதல் ஜூன் 10 வரை இணைய வழி ஆடை ஆர்டர்களையே எடுக்க முடியாமல் நின்றது. அங்கே திருடர்கள் தொழில்நுட்ப ஓட்டை எதையும் தேடவில்லை. வேறொருவர் போலப் பேசி ஏமாற்றி உள்ளே வந்தார்கள். பையரின் நாட்டில் இப்படி நடந்தால் இங்கே ஷிப்மெண்ட் தேதி தள்ளிப்போகும், பேமெண்ட் தள்ளிப்போகும். இங்கே நடந்தால் பையரின் வெளிவராத டிசைன் வெளியே போகும்.

இனி, திருப்பூர் ஆபீஸ் அறைகளுக்குள் இது எந்த வழியில் வருகிறது என்பது.

முதல் வழி இமெயில். ஒரு மெர்ச்சண்டைசருக்கு நாளுக்கு நூறு மெயில் சாதாரணம். லேப் டிப் அப்ரூவல், சைஸ் செட் கமெண்ட், திருத்திய பி.ஓ. (பர்சேஸ் ஆர்டர்) என்று எல்லாமே அவசரம். அந்த அவசரத்துக்குள் ‘ரிவைஸ்டு பி.ஓ.’ என்ற பெயரில் ஒரு ஜிப் ஃபைல் வரும், பாஸ்வேர்டும் அதே மெயிலில் இருக்கும். பாஸ்வேர்டு போட்ட ஜிப்புக்குள் மெயில் நிறுவனத்தின் வைரஸ் சோதனை எட்டிப்பார்க்க முடியாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. உள்ளே இருப்பது பிடிஎஃப் மாதிரி ஐகான் போட்ட புரோகிராம். விண்டோஸ் இயல்பாகவே ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துவிடுவதால் ‘பிடிஎஃப்’ என்பது மட்டும் கண்ணில் படும், அதற்குப் பின்னால் ஒட்டியுள்ள ‘இஎக்ஸ்இ’ தெரியாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ பகுதிக்குப் போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்துவிட்டால் இந்த ஏமாற்று பாதி செத்துப்போகும். அரை நிமிட வேலை. மெயிலில் வந்த பி.ஓ. வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தால் பையிங் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது இன்னொரு அரை நிமிடம்.

இரண்டாவது வழிதான் இந்த ஊரில் அதிகம் பேச வேண்டியது: கிராக் சாஃப்ட்வேர். ஸ்கிரீன் பிரிண்டிங் யூனிட்டிலும் டிடிபி கடையிலும் எம்பிராய்டரி டிஜிட்டைசிங் செய்யும் அறையிலும் காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர் அரிது. இன்ஸ்டால் செய்து கொடுப்பவர் முதலில் சொல்வதே “ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிக்கோங்க” என்பதுதான். வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தெரியாதவரை உள்ளே கூப்பிடுவது போன்ற வேலை அது. 2018-ல் பரவத் தொடங்கிய ஸ்டாப், அல்லது டிஜேவியூ, என்ற குடும்பம் இந்தக் கதவையே நம்பிப் பிழைத்தது. பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு, கிராக் தேடும் வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் சிறு கடைகளையும் பிடித்தது. ஃபைல்களைப் பூட்டும் நேரத்தில் திரையில் போலியாக ஒரு விண்டோஸ் அப்டேட் ஓடும். ‘அப்டேட் ஆகுது, தொடாதே’ என்று எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அது கேட்ட தொகை 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் கட்டினால் 490. பல நேரங்களில் கூடவே பாஸ்வேர்டு திருடும் புரோகிராமையும் விட்டுவிட்டுப் போகும். எனவே ஃபைல் போனதோடு நெட் பேங்கிங்குக்கும் ஆபத்து. உரிமம் வாங்க முடியாத யூனிட்டுகள் இங்க்ஸ்கேப், கிம்ப் போன்ற இலவச சாஃப்ட்வேர்களைப் பழகலாம். பழகும்வரை கை தடுமாறும் என்பது உண்மை. அப்படியும் முடியாதென்றால் கிராக் ஓடும் கம்ப்யூட்டரில் டேலியும் பேங்கும் இருக்கவே கூடாது.

மூன்றாவது, வீட்டிலிருந்தபடி ஆபீஸ் டேலியைத் திறக்கும் ஏற்பாடு. 2020 ஊரடங்கில் பல ஆபீஸ்களில் அக்கவுண்டன்ட் வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப் வழியைத் திறந்துவிட்டார்கள். ஊரடங்கு முடிந்தும் திறந்த வழி திறந்தே கிடக்கும். உலகெங்கும் இந்த வாசலைத் தட்டிப் பாஸ்வேர்டு யூகிக்கும் தானியங்கிப் புரோகிராம்கள் ராப்பகலாக ஓடுகின்றன. கம்பெனி பெயரும் 123-ம் சேர்ந்த பாஸ்வேர்டு ஒரு ராத்திரி தாங்காது. தர்மா, போபோஸ் என்ற இரண்டு குடும்பங்களும் சிறு நிறுவனங்களுக்குள் பெரும்பாலும் இப்படித்தான் நுழைந்தன. ரவுட்டர் போட்டுக்கொடுத்தவரைக் கூப்பிட்டு அந்த வழியை மூடச் சொல்ல வேண்டும். தேவை இருந்தால் விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பின் வழியாக, இரண்டாவது சரிபார்ப்போடு மட்டும் திறக்க வேண்டும்.

பென் டிரைவ் நான்காவது. எம்பிராய்டரி டிசைன் இந்த ஊரில் பென் டிரைவில்தான் பயணம் செய்கிறது. சாவிக்கொத்தில் தொங்கும் ஒரே பென் டிரைவ் ஒரு நாளில் ஐந்து யூனிட் பார்க்கும். யூஎஸ்பி வழியாகப் பரவிய ராஸ்ப்பெரி ராபின் என்ற புழு பின்னால் ரேன்சம்வேருக்கு வழிவிட்டதை மைக்ரோசாஃப்ட் 2022-ல் விவரித்தது. மெஷினுக்குப் போகும் பென் டிரைவும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போகும் பென் டிரைவும் வேறு வேறாக இருப்பது நல்லது. பழைய கம்ப்யூட்டரும் ஒரு வழிதான். மெஷினின் டிரைவர் சாஃப்ட்வேருக்காகவும் டாங்கிளுக்காகவும் விண்டோஸ் 7-லேயே ஓடும் பழைய கம்ப்யூட்டர்களை மாற்றச் சொல்வது எளிது, செலவு ஓனருக்கு. மாற்ற முடியாவிட்டால் அவற்றை நெட்வொர்க்கிலிருந்து முழுக்கப் பிரித்து வைப்பதுதான் வழி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

ஃபைல்கள் பூட்டப்பட்டால் எது திரும்பி வரும், எது வராது என்பதை அமைதியான ஒரு நாளில் ஒவ்வொரு யூனிட்டும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். தாக்கல் செய்த ஜிஎஸ்டி ரிட்டர்ன் போர்ட்டலில் இருக்கும். ஷிப்பிங் பில் சுங்கத்துறையின் தளத்தில் இருக்கும். பேங்க் ஸ்டேட்மெண்ட்டைக் கேட்டு வாங்கலாம், ஆடிட்டரிடம் போன வருடத்துக் கணக்கு இருக்கும். பையர் டெக் பேக்கைத் திரும்ப அனுப்புவார், கொஞ்சம் முகம் சுளிப்பார். ஆனால் எந்தப் பவர் டேபிளுக்கு எத்தனை பீஸ் போயிருக்கிறது, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ், இந்த வாரம் எந்த டெய்லர் எத்தனை டஜன் தைத்தார் என்பதை எந்தப் போர்ட்டலும் வைத்திருக்காது. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போட வேண்டும். எக்ஸெல் திறக்கவில்லை என்றால், தைத்தவர் சொல்லும் கணக்கும் சூப்பர்வைசர் சொல்லும் கணக்கும் மோதும். கலர் கலராகப் பிரித்து வைத்த பிரிண்டிங் ஆர்ட் ஒர்க்கும் அப்படித்தான். அப்ரூவலுக்கு அனுப்பிய படம் வாட்ஸ்அப்பில் இருக்கும். அது வெறும் படம். ஆறு கலருக்கு ஆறு பிலிம் எடுக்க வேண்டிய லேயர்கள் அதில் இல்லை. ரிப்பீட் ஆர்டர் வரும்போது முதலிலிருந்து உட்கார வேண்டும். பேக்கப் எடுக்கும்போது முதலிடம் இவற்றுக்குத்தான். கணக்குப் புத்தகங்களை ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டமே சொல்வதால் டேலி அடுத்த இடம்.

பேக்கப் எடுப்பதில்லை என்று சொல்பவர்கள் குறைவு. எடுத்த பேக்கப் உதவாமல் போனவர்கள்தான் அதிகம். ஒரு பிரிண்டிங் யூனிட்டின் ஆபீஸ் மேஜையைக் கிட்டப்போய்ப் பார்த்தால் காரணம் தெரியும். மானிட்டருக்குப் பின்னால், யுபிஎஸ் மேல், ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் படுத்திருக்கும். அதன் வயர் சிபியுவில் சொருகியே இருக்கும். மேலே மெல்லிய பஞ்சுத் தூசி படிந்திருக்கும், நீல விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். வாங்கிய நாளிலிருந்து கழற்றியதில்லை. கம்ப்யூட்டரின் ‘டி’ டிரைவும் அந்த டிஸ்க்கின் ‘எஃப்’ டிரைவும் ஒரே நேரத்தில் ரேன்சம்வேரின் கண்ணில் படும். இரண்டையும் பூட்டும். டேலியின் பேக்கப்பை அதே கம்ப்யூட்டரின் வேறொரு ஃபோல்டரில் போட்டு வைப்பதும் இதே தவறுதான். சிஸ்டம் ரீஸ்டோரையும் நம்ப முடியாது. விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் ஷேடோ காப்பிகளை முதல் வேலையாக அழிக்கும் கட்டளை பெரும்பாலான ரேன்சம்வேர்களில் எழுதப்பட்டே வருகிறது.

உலகம் முழுக்கப் பேசப்படும் 3-2-1 என்ற விதி ஒரு போட்டோகிராஃபரிடமிருந்து வந்தது. பீட்டர் க்ரோ என்பவர் டிஜிட்டல் படங்களைப் பாதுகாப்பது பற்றி எழுதியபோது பிரபலமாக்கியது அது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். இந்த ஊர் வழக்கத்துக்கு அதை மாற்றினால் இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டும். மேலே மார்க்கரில் ஒன்று, இரண்டு என்று எழுத வேண்டும். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்ததும் ஒன்றாம் டிஸ்க்கைச் சொருகி, டேலியில் கம்பெனியை மூடிவிட்டு, டேட்டா ஃபோல்டர், ஆர்ட் ஒர்க், டிசைன், சம்பள ஷீட் எல்லாவற்றையும் தேதி போட்ட புது ஃபோல்டரில் காப்பி செய்ய வேண்டும். முடிந்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் வைக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை இரண்டாம் டிஸ்க். பழைய ஃபோல்டரின் மேலேயே எழுதினால், பூட்டப்பட்ட ஃபைல் நல்ல ஃபைலை மூடிவிடும் என்பதால்தான் ஒவ்வொரு முறையும் புது ஃபோல்டர். வேறு இடம் என்பது ரேன்சம்வேருக்காக மட்டும் இல்லை. 2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் பஜாரில் பிடித்த தீயில் சுமார் 50 கடைகள் கருகின. கடைக்குள்ளேயே இருக்கும் எந்தப் பேக்கப்பும் அதைத் தாண்டாது.

வாரம் ஒன்று போதாத இடங்களில் டேலியை மட்டும் தினமும் ஒரு பென் டிரைவில் எடுக்கலாம், சிறு யூனிட்டின் டேலி டேட்டாவுக்கு அதிக இடம் தேவைப்படாது. முடிந்துபோன ஆர்டர்களின் ஆர்ட் ஒர்க்குக்கு ஒரு பழைய வழி இன்னும் நல்ல வழி: டிவிடியில் எழுதி வைப்பது. ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய டிவிடியை எந்த ரேன்சம்வேரும் திருத்தி எழுத முடியாது. மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து நாலைந்து ஃபைலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்பதைத் தவறவிடக் கூடாது. திறந்து பார்க்காத பேக்கப்பை இருக்கிறது என்று கணக்கில் எடுக்க முடியாது.

கூகுள் டிரைவும் ஒன்டிரைவும் இருக்கின்றனவே என்பார்கள். அவற்றின் அடிப்படை வேலை ஒத்திசைவு. இங்கே ஃபைல் மாறினால் அங்கேயும் மாறும், இங்கே பூட்டினால் பூட்டிய பிரதி அங்கே ஏறும். காப்பாற்றுவது பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் வசதி. கூகுள் டிரைவ் பொதுவாக 30 நாள் வரை பழைய வடிவங்களை வைத்திருக்கும். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால் ஒன்டிரைவ் முழுவதையும் கடந்த 30 நாளில் ஏதாவது ஒரு நேரத்துக்குத் திருப்பலாம். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு பிரவுசரில் சேமிக்கப்பட்டிருந்து திருடுபோனால் இதுவும் கைவிட்டுப்போகும். எனவே கிளவுடைக் கழற்றி வைத்த டிஸ்க்குக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். ஆபீஸில் எல்லோரும் பகிரும் ஃபைல்களுக்காக நெட்வொர்க்கில் நாஸ் பெட்டி வைத்திருப்பவர்கள் அதை இன்டர்நெட்டில் திறந்து விடக் கூடாது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர் இன்டர்நெட்டில் திறந்து கிடந்த க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளை நேரடியாகப் பூட்டி, ஒவ்வொன்றுக்கும் 0.03 பிட்காயின் கேட்டது.

விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ஒரு நல்ல காவலைப் பலரும் பயன்படுத்துவதில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ரேன்சம்வேர் புரொடெக்ஷன்’ என்ற பகுதியில் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ இருக்கிறது. 2017 இறுதியில் வந்தது, இயல்பாக ஆஃப் நிலையில் இருக்கும். ஆன் செய்தால், அனுமதி பெறாத புரோகிராம் எதுவும் குறிப்பிட்ட ஃபோல்டர்களில் கை வைக்க முடியாது. டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவை தானாகச் சேரும், ‘டி’ டிரைவிலுள்ள டேலி ஃபோல்டரைக் கையால் சேர்க்க வேண்டும். முதல் நாள் டேலியையே தடுத்தாலும் தடுக்கும், அதை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டால் தொந்தரவு இல்லை. இது மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஓடும்போது மட்டுமே வேலை செய்யும். தினசரி வேலைக்கு அட்மின் இல்லாத சாதாரண யூசர் கணக்கு, ஷேர் செய்த ஃபோல்டரில் எல்லோருக்கும் முழு அனுமதி கொடுக்காமல் இருப்பது, அப்டேட்டைத் தள்ளிப் போடாமல் இருப்பது ஆகியவையும் சேர வேண்டும்.

இவ்வளவும் செய்தும் பூட்டு விழுந்தால், முதலில் நெட்வொர்க் வயரைப் பிடுங்கி, வைஃபையை அணைக்க வேண்டும். பக்கத்து அறைக் கம்ப்யூட்டர்களையும் அப்படியே. துண்டிக்க முடியாத நிலையில்தான் பவரை நிறுத்துவது. பேக்கப் டிஸ்க்கை அந்த நேரத்தில் சொருகவே கூடாது. பதற்றத்தில் பலர் செய்யும் தவறு இது, கடைசி நல்ல பிரதியும் அதில் போய்விடும். திரையில் உள்ள மிரட்டல் குறிப்பை போனில் படம் எடுத்து, பூட்டிய ஃபைல் ஒன்றிரண்டையும் வைத்துக்கொண்டு, ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் எந்தக் குடும்பம் என்று பார்க்கலாம். யூரோபோல், நெதர்லாந்து காவல்துறை, இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கிய தளம் அது. திறக்கும் கருவி இருந்தால் காசில்லாமல் கிடைக்கும். டிஜேவியூ குடும்பத்தில் 148 வகைகளுக்கு 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட கருவி அப்படிப்பட்டது. பின்னால் வந்த வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது உதவாது. ஆனால் அந்தக் குடும்பம் வேகத்துக்காக ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கிலோபைட்டை மட்டுமே கலைக்கிறது. அதனால் பெரிய வீடியோக்களைச் சரிசெய்யச் சில நேரம் முடிகிறது, பல ஃபைல்களைக் கட்டி வைத்த பெரிய ஜிப்பில் முதல் சிலவற்றைத் தவிர மற்றவை கிடைக்கின்றன.

புகாருக்கு 1930 என்ற எண் உண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம் உண்டு, மாவட்டந்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் உண்டு. நிறுவனங்கள் இத்தகைய தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28-ன் உத்தரவு. பையரிடம் மறைப்பதும் வேலைக்கு ஆகாது. 2019 முதல் பல கும்பல்கள் பூட்டுவதற்கு முன் ஃபைல்களைப் பிரதி எடுத்துக்கொண்டு, வெளியிடுவோம் என்றும் மிரட்டுகின்றன. பையரின் அடுத்த சீசன் டிசைனும் தொழிலாளர்களின் ஆதார் நகலும் அதில் இருக்கலாம். இதற்குப் பேக்கப் மருந்தாகாது, தேவைக்கு மேல் சேர்த்து வைக்காமல் இருப்பதுதான் தற்காப்பு.

பணம் கட்டுவதா என்ற கேள்விக்கு இந்தக் கட்டுரையின் பதில் வேண்டாம் என்பதே. கட்டியவருக்குச் சாவி வரும் என்று உறுதி இல்லை, கட்டுபவர் என்று தெரிந்தால் அடுத்த முறையும் தேடி வருவார்கள். டேட்டாவை மீட்டுத் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. சொந்தத் தொழில்நுட்பத்தில் மீட்பதாகச் சொல்லிக்கொண்ட அமெரிக்க நிறுவனங்கள் திருடர்களுக்கே பணம் கட்டிச் சாவி வாங்கியதை 2019-ல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது. ஆயினும் சம்பளம், ஷிப்மெண்ட் என்று கழுத்து நெரிபடும் ஓனர் ஒருவர் கட்டிவிட்டால் அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

மீட்கும்போது வரிசை முக்கியம். டிஸ்க்கை முழுவதுமாக அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவி, அப்டேட்டுகளை முடித்து, வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து மெயில், பேங்க், ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளை மாற்றிய பிறகே பேக்கப் டிஸ்க்கைச் சொருக வேண்டும். பேக்கப் இல்லாத ஃபைல்கள் இருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் கழற்றி, புது டிஸ்க் போடுவது நல்லது. சாவி பின்னொரு நாள் வெளிவரலாம். டெஸ்லாகிரிப்ட் என்ற ரேன்சம்வேரை உருவாக்கியவர்கள் 2016 மே மாதம் தாங்களாகவே எல்லாவற்றையும் திறக்கும் மாஸ்டர் சாவியை வெளியிட்டார்கள். ஷேடு என்ற கும்பல் 2020 ஏப்ரலில் கடையை மூடும்போது ஏழரை லட்சம் சாவிகளைக் கொட்டிவிட்டுப் போனது. கழற்றிய டிஸ்க்கின் மேல் தேதியையும் ஃபைல்களின் பின்னால் ஒட்டிய அந்த நாலு எழுத்தையும் எழுதி, மிரட்டல் குறிப்பின் பிரிண்ட்டோடு ஒரு கவரில் போட்டு வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த எழுத்துகளை நோ மோர் ரேன்சம் தளத்தில் தேடிப் பார்க்கலாம்.